பனி நிலமா, பொழுதா? கிட்டெல்சனின் நிலக்காட்சி ஓவியங்களில் வண்ணமும் குறியீடும்

1. முன்னுரை

நிலக்காட்சி ஓவியங்களுக்குப் பொருள் கூறும்போது தமிழ்த் திறனாய்வு பலவேளை ஒரு வண்ணப் பட்டியலைத் துணைக்கொள்கிறது. நீலம் துயரம், வெண்மை தூய்மை, கருமை தீமை, பொன்னிறம் நம்பிக்கை என்பது அப்பட்டியல். இம்முறையில் ஓவியத்தைக் காணாமலே அதன் பொருளைச் சொல்லிவிடலாம். எந்நிலம், எப்பொழுது, அங்கே வாழ்வது எது என்னும் வினாக்களுக்கு அதில் இடமில்லை. இவ்வினாக்களையே அடிப்படையாகக் கொண்டு எழுந்த இலக்கணம் ஒன்று தமிழில் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருள் பாகுபாடே அது.

நோர்வே நாட்டு ஓவியர் தியோடர் கிட்டெல்சனின் நிலக்காட்சி ஓவியங்களை இப்பாகுபாட்டின் வழி அணுகுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்வணுகுமுறை புலம்பெயர் தமிழ்த் திறனாய்வில் வேரூன்றியுள்ள ‘ஆறாம் திணை’ என்னும் கருத்தை எவ்வாறு மறுபார்வைக்கு உட்படுத்துகிறது என்பதைக் காட்டுவது இரண்டாம் நோக்கம். ஒஸ்லோவில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் கிட்டெல்சனின் பூதங்களை நோர்வேஜிய நாட்டார் கதைகளோடு அறிகின்றனர். ஐந்திணை அட்டவணையை வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றனர். இவ்விரு கல்வியும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. சந்திக்க இயலுமா என்னும் வினாவும் இவ்வாய்வின் பின்னணியில் உள்ளது.

2. ஓவியரும் ஊடகமும்

கிட்டெல்சன் 1857ஆம் ஆண்டு தென்நோர்வேயின் கடற்கரைச் சிறுநகரான கிராகரோவில் பிறந்தார். இளமையில் கடிகாரத் தொழில் பயின்று, பின்னர் ஓவியக் கல்விக்காக இன்றைய ஒஸ்லோவாகிய கிறிஸ்டியானியாவுக்கும், 1876இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கும் சென்றார். அஸ்பியோர்ன்சன், மூ ஆகிய இருவரும் தொகுத்த நோர்வேஜிய நாட்டார் கதைகளுக்கு எரிக் வெரென்ஷியோல்டும் அவரும் வரைந்த படங்களே அக்கதைகளின் முகமாக இன்றுவரை நிலைத்துள்ளன. 1887 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் வடநோர்வேயின் லொஃபோட்டன் தீவுக்கூட்டத்தில் வாழ்ந்தார். 1899 முதல் 1910 வரை சிக்டால் பள்ளத்தாக்கில், சோனெரன் ஏரிக்கரையில் ‘லௌவ்லியா’ என்னும் தம் இல்லத்தில் வாழ்ந்து, ஒரே நிலத்தைப் பல பருவங்களிலும் வரைந்தார். 1914இல் மறைந்தார்.

எண்ணெய் வண்ணத்தைவிடத் தாளின்மேல் கரிக்கோல், வண்ணச் சுண்ணம், நீர்வண்ணம் ஆகியவற்றைக் கலந்து வரைவதிலேயே அவர் கை பெரிதும் பயின்றது. நீர்வண்ணத்தின் இயல்பு இங்கு கருதத்தக்கது. எண்ணெய் வண்ண ஓவியர் வெண்மையைத் தூரிகையால் இடுகிறார். நீர்வண்ண ஓவியர் தூரிகை படாமல் விட்டுவைத்த தாளே பெரும்பாலும் வெண்மையாகிறது. ஒளிபுகா வெள்ளையைப் பயன்படுத்துவோர் உண்டெனினும், அம்மரபின் அடிப்படை விட்டுவைத்தலே. ஆகவே நீர்வண்ணத்தில் பனியை வரைவதென்பது பனியைச் சூழ்ந்தவற்றை வரைவதாகும். மரத்தின் அடியும், பாறையின் விளிம்பும், நிழலின் நீலமும் இட்டபின் எஞ்சும் தாள் பனியாகிறது. வெண்மை தனக்கெனப் பொருள் கொண்டிராமல் அயலிலுள்ளவற்றால் பொருள் பெறுகிறது. வண்ணத்துக்கு நிலையான குறியீட்டுப் பொருள் கூறும் முறை இவ்வூடகத்தின் இயல்புக்கே பொருந்தாது.

3. பொழுதின் நீலம்

கிட்டெல்சனின் காடுகளிலும் ஏரிகளிலும் நீலமும் சாம்பல்நீலமும் மிகுதி. வடபுலத்தாரின் மனத்துயரே அந்நீலம் என்பது எளிதில் கிடைக்கும் விளக்கம். முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று கொண்டு நோக்கினால் வேறொன்று புலப்படுகிறது.

தமிழ் மரபு ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய சமமாக நிற்கும் நிலத்தில் எழுந்த பகுப்பு இது. நிலநடுக்கோட்டின் வடக்கே ஏறத்தாழ 60 பாகையில் உள்ள ஒஸ்லோவில் இப்பகுப்பு நிலைகொள்வதில்லை. ஆனித் திங்களின் நெடும்பகல் ஏறத்தாழ 19 மணி நேரம் நீள்கிறது. மார்கழியின் குறும்பகல் 6 மணி நேரத்தையும் எட்டுவதில்லை. கோடையின் நடுவில் கதிரவன் மறைந்த பின்னும் முழு இருள் சூழ்வதில்லை. மாலை நீண்டு வைகறையோடு கலந்துவிட, இடையில் யாமம் என ஒன்று தோன்றுவதே இல்லை. மாரிக்காலத்திலோ பிற்பகல் நடுவிலேயே மாலை வந்துவிடுகிறது. சிறுபொழுதின் அளவை அங்கே பெரும்பொழுதே முடிவு செய்கிறது.

இந்நீண்ட மாலையின் ஒளி நீலமாக இருப்பது மனநிலையால் அன்று. அடிவானுக்குக் கீழே நெடுநேரம் தங்கும் கதிரவனால். பனியின்மேல் அது வீழும்போது பனியும் நீலமாகிறது. ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்திலுள்ள ஹரால்ட் சூல்பெர்க்கின் ‘ரொண்டானேயில் ஒரு மாரி இரவு’ (1914) எண்ணெய் வண்ண ஓவியம். எனினும் இதே பொழுதின் நீலத்தையே அது மலைமுழுதும் பரப்புகிறது. எனவே கிட்டெல்சனின் நீலத்தை முதலில் பொழுதாகக் கொள்ள வேண்டும். அப்பொழுது மாலை, தமிழ் மரபில் மாலை முல்லைக்குரியது, முல்லையின் உரிப்பொருள் இருத்தல். வேலை முடிந்து வருபவருக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் மனநிலை அது. துயரம் என்னும் சொல்லைவிடக் காத்திருப்பு என்னும் சொல், அந்நீலத்தின் அமைதிக்கும் எதிர்பார்ப்புக்கும் அணுக்கமானது.

4. மலரும் தெய்வமும்

ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ள ‘நொக்கன்’ (1904) கிட்டெல்சனின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. காடு சூழ்ந்த கரிய குளம். நீர்மேல் அல்லி இலைகள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலெழுந்த கருந்தலையும் வெறித்து நோக்கும் இரு கண்களும். நொக்கன் என்பது நன்னீரில் உறைந்து மாந்தரை ஈர்த்து அமிழ்த்துவதாக நோர்வேஜிய நாட்டார் மரபு கூறும் நீர்த்தெய்வம். அதன் பெயரை உரக்கக் கூறினால் அதன் வலு அழியும் என்பதும் அம்மரபின் நம்பிக்கை. சுனையிலும் துறையிலும் உறைந்து வருத்தும் சூரும் அணங்கும் சங்கப் பாடல்களில் பயின்றவை என்பதால், தமிழ் வாசகருக்கு இத்தெய்வம் முற்றிலும் அயலானதன்று.

இப்படத்துக்குப் பொருள் கூறுவோர் கண்களையே பற்றிக்கொண்டு, ‘நொக்கன் அச்சத்தின் குறியீடு’ என முடிப்பதுண்டு. இங்கே தொல்காப்பிய விதி ஒன்று துணைபுரிகிறது. உள்ளுறை உவமம் கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு பிறக்கும். ஆனால் கருப்பொருள்களுள் தெய்வம் அதற்கு நிலைக்களமாகாது என்பது அவ்விதி. தெய்வம் வெளிப்படையாக நிற்பது. மறைபொருளைத் தாங்குவன மலரும் மரமும் நீரும் விலங்குமே. இவ்விதியை ஏற்றால், நொக்கனின் கண்களை விட்டு அல்லியின் பக்கம் நோக்கு திரும்புகிறது.

நோர்வேஜிய மொழியில் அல்லிக்குப் பெயர் ‘நொக்கெரூசெ’, அதாவது நொக்கனின் ரோசா. மலரின் பெயரிலேயே தெய்வம் உறைகிறது. கரையில் நிற்பவரை நீருள் இறங்கத் தூண்டுவது அம்மலர். இறங்கியவரைக் கொள்வது தெய்வம். எனவே படத்தின் உள்ளுறை அச்சம் மட்டுமன்று; விழைவும் அதன் விலையும் ஆகும். அல்லியின் வெண்மையும் விழியின் ஒளியும் அக்கருநீரில் ஒன்றையொன்று ஒத்து நிற்பது இதனாலேயே. தூய்மையின் நிறமாகப் பட்டியல் காட்டும் வெண்மை இங்கே தூண்டிலாகிறது. குறிஞ்சியும் முருகனும், முல்லையும் மாயோனும் போல, மலரும் தெய்வமும் ஒரே நிலத்தின் இரு முகங்களாக அமையும் கருப்பொருள் உறவு வடபுலத்திலும் உண்டு என்பதற்கு இச்சொல்லும் இப்படமும் சான்று.

5. கருமை

இப்படத்தின் கருமையையும் தீமையாகக் கொள்வதற்குத் தமிழ் மரபு இடம் தருவதில்லை. தொல்காப்பியர் காட்டுக்குரிய தெய்வத்தை மாயோன் என்றும் மலைக்குரிய தெய்வத்தைச் சேயோன் என்றும் சுட்டுகிறார். ஒருவர் கரியவர், மற்றவர் சிவந்தவர். இவ்விரு நிலங்களிலும் தெய்வத்தின் பெயரே ஒரு வண்ணம். கார் என்னும் சொல் கருமையையும் மழைக்காலத்தையும் ஒருங்கே குறிக்கும். இருண்ட முகில் தமிழ் நிலத்தில் வளத்தின் அறிகுறி. காட்டின் இருளும் கார்முகிலின் இருளும் மாயோனின் நிறமும் ஒன்றாகக் காணப்பட்ட மரபு கருமையை ஒரு பொருளுக்குள் அடக்கியதில்லை.

கிட்டெல்சனின் ‘காட்டுப் பூதம்’ (1906) இதனோடு ஒப்பிடத்தக்கது. அப்பூதத்தின் தலையில் மரங்கள் முளைத்திருக்கின்றன. காட்டுக்குள் பூதம் நிற்பதாகக் காண்பதா, காடே எழுந்து நடப்பதாகக் காண்பதா என்பது பார்ப்பவரின் முடிவுக்கு விடப்படுகிறது. நிலமும் அதன் தெய்வமும் ஒரே கருமையால் வரையப்பட்டமையே அவ்வையத்துக்குக் காரணம்.

ஆயினும் கருமை எங்கும் வளமென்று மறுகோடிக்குச் செல்வதும் பிழையாகும். 1900இல் வெளியான ‘கரிய சாவு’ என்னும் படநூலில் கிட்டெல்சன் 1349இல் நோர்வேயை அடைந்த பெருங்கொள்ளைநோயைப் ‘பெஸ்தா’ என்னும் முதியவளாக உருவகித்தார். அவள் குப்பைவாரியோடு வந்த ஊரில் சிலர் பிழைப்பர். துடைப்பத்தோடு வந்த ஊரில் எவரும் பிழையார். அங்குள்ள கருமை அழிவின் கருமை. ஒரே ஓவியரின் கையில் ஒரே வண்ணம் காட்டில் உயிராகவும் பாழூரில் சாவாகவும் நிற்கிறது. இவ்வேறுபாட்டைத் தருவது நிலமும் அதில் வாழ்வதும்தான்; வண்ணம் அன்று.

6. வழிச்செல்வோனும் பொன்னொளியும்

சோரியா மோரியா மாளிகைக் கதைக்காகக் கிட்டெல்சன் 1900இல் வரைந்த படம் நோர்வே முழுதும் அறிமுகமானது. உயர்ந்த மேட்டின் விளிம்பில் கோலும் மூட்டையுமாக ஓர் இளைஞன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். அவன்முன் அடுக்கடுக்காக இருண்ட காட்டு மலைகள். அடிவானில், கதிர் எழுவதுபோல், பொன்னொளி வீசும் மாளிகை.

இதில் முதலும் கருவும் உரியும் ஒருங்கே அமைந்துள்ளன. நிலம் மலையும் காடும் கடந்து செல்லவேண்டிய அருவழி. மாந்தன் வழிச்செல்வோன். அவன் நோக்கும் திசையில் பொன். பொருள்வயிற் பிரிந்து சுரம் கடக்கும் பாலைத் தலைவனை அறிந்த வாசகர் இப்படத்தின் முன் தயங்க வேண்டியதில்லை. வெயிலும் கள்ளியும் பருந்தும் இங்கில்லை. பசுமை மாறாக் காடுதான் உள்ளது. எனினும் உரிப்பொருள் பிரிதலே.

கதையின் போக்கும் இதற்கு அரண் செய்கிறது. பூதங்களை வென்று இளவரசியரை மீட்ட தலைவன், பெற்றோரைக் காணும் விழைவால் பிறந்தகம் செல்கிறான். அங்கே விலக்கப்பட்ட சொல்லைக் கூறித் தன் பேறு முழுவதையும் இழக்கிறான். பின்னர் மேலைக் காற்றின் துணையோடு மாளிகையைத் தேடி மீண்டும் நடக்கிறான். சென்றடைந்த இடத்தைப் பிறந்த இடத்தின்பால் கொண்ட அன்பாலேயே இழக்கும் ஒருவனின் கதை அது. இக்கதையோடு சேர்த்துக் காணும்போது பொன்னிறம் நம்பிக்கை மட்டுமாக நிற்பதில்லை. கண்ணுக்கு எட்டி, காலுக்கு எட்டாத தொலைவின் நிறமாகவும், ஒருமுறை அடைந்து இழந்ததன் நிறமாகவும் ஆகிறது.

7. பனி நிலமா, பொழுதா?

மேற்கண்ட விளக்கங்கள் புலம்பெயர் திறனாய்வின் ஒரு நிலைபேற்றை வினவத் தூண்டுகின்றன. பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாம் திணை என்றும், அதன் உரிப்பொருள் புலம்பெயர்வின் ஏக்கமும் தனிமையும் என்றும் பலர் எழுதிவருகின்றனர். புதிய வாழ்நிலத்தைத் தமிழ்ப் பொருளிலக்கணத்துக்குள் கொணர முயன்ற அக்கருத்தின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அதன் அடிப்படையில் ஒரு மயக்கம் உள்ளது. பனி நிலம் அன்று, பொழுது.

தொல்காப்பிய மரபில் முன்பனியும் பின்பனியும் பெரும்பொழுதுகள். முன்பனி குறிஞ்சிக்கும், பின்பனி பாலைக்கும் உரியவை. புணர்தலின் திணைக்கும் பிரிதலின் திணைக்கும் பனி ஒருங்கே உரித்தாக்கப்பட்டது கருதத்தக்கது. அங்கே பேசப்படும் பனி தென்புலத்தின் குளிரும் பனித்துளியும். வடபுலத்தின் உறைபனி அன்று என்பது உண்மை. எனினும் இலக்கண இடம் ஒன்றே. உறைபனியும் வந்து தங்கி உருகிச் செல்வது. சோனெரன் ஏரி மாரியில் உறைந்து வெண்பரப்பாகிறது; கோடையில் அதே ஏரியில் அலையெழுகிறது. நிலம் மாறவில்லை, அதன்மேல் பொழுது மாறுகிறது. ஒரே பள்ளத்தாக்கில் ஏறத்தாழ பதினோராண்டு வாழ்ந்து வரைந்த ஓவியரின் படங்கள் கற்பிப்பது இதனையே.

பொழுதால் நிலம் திரிவதற்குத் தமிழில் முன்மாதிரி உண்டு. தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. வேனில் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். வெம்மையால் திரிந்தது பாலையானால், குளிரால் திரிந்ததையும் அதன் இனமாகக் கொள்ளத் தடையில்லை. அதனைக் குளிர்ப்பாலை எனலாம். புலம்பெயர் கவிதைகளில் பனியோடு பிரிவு இணைவது புதுத்திணை ஒன்றின் பிறப்பால் அன்று; பின்பனியைப் பாலைக்கு ஈந்த பழைய இலக்கணம் புதுநிலத்தில் தொடர்வதால்.

இவ்வேறுபாடு சொற்பூசல் அன்று. பனியை நிலமாகக் கொண்டால், நோர்வே எக்காலமும் பனியே ஆகிறது. அங்கு வாழும் தமிழர் எக்காலமும் ஏங்குவோரே ஆகின்றனர். அங்கேயே பிறந்த தலைமுறைக்கு அத்திணையில் இடமில்லை. அப்பிள்ளைகளுக்குப் பனி பள்ளி செல்லும் வழி. சறுக்கி விளையாடும் பரப்பு. பனியைப் பொழுதாகக் கொண்டால், அதே மலையும் காடும் ஏரியும் கடலும் குறிஞ்சியாகவும் முல்லையாகவும் மருதமாகவும் நெய்தலாகவும் நிற்க இயலும். பெற்றோருக்குப் பாலையாகும் பின்பனி, பிள்ளைகளுக்குக் குறிஞ்சியின் முன்பனியாக இருக்கலாம். இருவரும் ஒரே நிலத்தில் வாழலாம்.

8. அணுகுமுறையின் எல்லை

இவ்வணுகுமுறைக்கு எதிராக இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, அகத்திணை கவிதைக்கு உரிய இலக்கணம். அயல்நாட்டு ஓவியத்துக்கு அதனை ஏற்றுவது வலிந்து பொருள்கொள்ளல் என்பது. கிட்டெல்சன் திணை இலக்கணத்தை அறிந்து வரைந்தார் என்று இக்கட்டுரை கூறவில்லை. நிலம், பொழுது, உயிர் ஆகியவற்றின் உறவிலிருந்து பொருள் பிறக்கும் என்னும் கொள்கை, வண்ணப் பட்டியலைவிட அவருடைய ஓவியங்களை நுணுகிக் காணச் செய்கிறது என்பதே இங்கு நிறுவப்படுவது.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. உரிப்பொருள் மாந்தர் ஒழுக்கம் பற்றியது. கிட்டெல்சனின் பல நிலக்காட்சிகளில் மாந்தரே இல்லை. ‘நொக்கன்’ படத்திலும் இல்லை. அத்தகைய படங்களில் உரிப்பொருளைத் திறனாய்வாளர் படைத்துத் தரலாகாது. முதலும் கருவும் அமைந்து உரி அமையாத படத்தில், கரையில் நின்று நோக்குபவரின் நிலையே எஞ்சுகிறது. அல்லியை விழைவதும் விலகுவதும் அவரவர் உரிமை. அவ்விடத்தில் உரை நின்றுவிடுவதே முறை.

9. முடிவுரை

கிட்டெல்சனின் ஓவியங்களில் நீலம் பொழுதையும், வெண்மை அயலையும், கருமை நிலத்தையும், பொன் தொலைவையும் சார்ந்தே பொருள் பெறுகின்றன. வண்ணத்துக்குத் தனிப்பொருள் இல்லை. திணையால் வரும் பொருளே உண்டு. இம்முடிவைத் தாளின் வெண்மையை விட்டுவைத்தே பனியைக் காட்டும் நீர்வண்ண மரபு உறுதிசெய்கிறது. பனியைப் பொழுதென மீட்டெடுப்பதால் ஐந்திணை ஒஸ்லோவிலும் போதுமானதாகிறது. வார இறுதி வகுப்பில் மனப்பாடமாகும் அட்டவணையின் அருகே கிட்டெல்சனின் படம் ஒன்றை வைத்து, “இது எந்நிலம்? எப்பொழுது? இங்கு வாழ்வது எது?” என்று ஆசிரியர் வினவினால், விடை கூறத் தேவையான இரு மொழிகளும் அப்பிள்ளைகளிடம் ஏற்கெனவே உள்ளன.